தாமரை இலைக்கு எத்தனை புள்ளி?

வவுனியாவில் குருமன்காட்டுப் பக்கம் போட்டோ கொப்பி, தமிழ் டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருப்பவளுக்கு ஒரு வசதி உண்டு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் எதை ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரிய வருமுன் எனக்குத் தெரிந்துவிடும். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானதிலிருந்து கூட்டம் கொஞ்சம் கூடத்தான். பம்பைமடுவிலிருந்து வருகிற பஸ்ஸை விட்டு இறங்கி, பென் டிரைவை நீட்டி, "அக்கா, நாளைக்குக் காலமை குடுக்கோணும்" என்று நிற்பார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சனத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வினாக்கொத்து மட்டும் தமிழில் வேண்டும். அதை அடித்துக் கொடுப்பது நான். அடிக்கிறபோது வாசிக்காமல் இருக்க முடியாது. பைண்டிங்குக்கு வருகிற அறிக்கையையும் பசை காய்கிற நேரத்தில் புரட்டாமல் இருக்க முடியாது. இலக்கிய மீளாய்வு என்கிற இரண்டாம் அத்தியாயங்களை இப்படியே வாசித்து வாசித்து, பட்டம் வாங்காமலே பாதி படித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வியாபாரக் கற்கை படிக்கிற பிள்ளைகளிடம் கொஞ்சக் காலமாக இரண்டு தலைப்புகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று பசுமை நுகர்வோர் நடத்தை, அதாவது சூழலைக் கெடுக்காத பொருட்களைச் சனம் வாங்குகிற விதம். மற்றது பெண் தலைமைத்துவம். இரண்டுக்கும் உடுப்பு ஒன்றுதான். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் போட்டுத் தந்த ஒன்று முதல் ஐந்து வரையான அளவுகோல்: ஒன்றென்றால் முற்றாக உடன்படவில்லை, ஐந்தென்றால் முற்றாக உடன்படுகிறேன். எத்தனை பேரிடம் கேட்பது என்றால் 1970இல் வந்த கிரெஜ்சி, மோர்கன் அட்டவணையைப் பார்த்து 384 என்று எழுதுவார்கள். ஒரு மாவட்டத்துச் சனத்தொகைக்கு அந்த அட்டவணை தருகிற எண் பெரும்பாலும் அதுதான். அப்புறம் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை. பசுமை ஆய்வென்றால் "மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்." பெண் தலைமைத்துவ ஆய்வென்றால் "பெண்களிடையே தன்னம்பிக்கையை வளர்க்க வேண்டும்." அந்த இரண்டு வரிகளும் இப்போது என் விரலுக்குத் தானாகவே வரும்.

அந்த இரண்டு வரிகளில்தான் எனக்கு முள் குத்திக்கொண்டே இருந்தது. இங்கேயுள்ள பெண்களுக்கு விழிப்புணர்வு குறைவென்றும் தன்னம்பிக்கை குறைவென்றும் யார் கண்டது? பல்கலைக்கழகம் இருக்கிற அதே பம்பைமடுப் பக்கம்தான் நகரத்துக் குப்பையும் வருடக்கணக்காகப் போய்க் கொட்டுப்பட்டது. குப்பை வேண்டாம் என்று வீதிக்கு இறங்கிய அயல் கிராமத்துச் சனத்துக்கு யார் போய் விழிப்புணர்வு ஏற்படுத்தினார்கள்? நான் ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டபோது, "அக்கா, அது வேற மாறி, இது வேற மாறி" என்று சொன்னாள். மாறி என்பது ஆராய்ச்சிப் பாஷை, ஆளுக்கு ஆள் மாறுகிற, அளந்து பார்க்கிற விசயத்துக்கு அவர்கள் வைத்த பெயர். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் மனம் விடவில்லை.

கூடக் காசு கொடுப்பீர்களா?

பசுமை வினாக்கொத்து எதுவானாலும் ஒரு கூற்று தப்பாமல் இருக்கும்: "சூழலுக்குப் பாதுகாப்பான பொருள் என்றால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவேன்." சனம் ஐந்து போடும். போடாமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்த பிள்ளை, பட்டம் முடிக்க வேண்டிய பிள்ளை, கையில் பேனையும் தந்து கேட்கிறது. இப்படி ஐந்து போட்ட ஆட்களே கடைக்குப் போய் மலிவானதை வாங்கி வருவதை உலகம் முழுக்கக் கண்டிருக்கிறார்கள். 2019இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் வந்த ஒரு கட்டுரை இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கருத்துக்கணிப்பில் 65 வீதமானோர் நல்ல நோக்கமுள்ள பொருட்களை வாங்க விருப்பம் என்று சொன்னார்களாம், உண்மையில் வாங்கியது 26 வீதம் அளவுதானாம். சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் கிடக்கிற அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்குத்தான் எல்லா ஆய்வும்.

பள்ளத்தை விளங்கப்படுத்த எல்லோரும் கையில் எடுப்பது ஐசெக் அய்சென் என்கிற உளவியலாளர் 1991இல் எழுதிய கட்டுரை. ஒருவர் ஒன்றைச் செய்வாரா இல்லையா என்பதற்கு மூன்று விசயம் பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கு அதில் என்ன அபிப்பிராயம், சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், செய்வது தன் கையில் இருக்கிறது என்று அவர் நினைக்கிறாரா. இந்த மூன்றாவது எனக்குப் பிடித்தது. மனுசன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஆனால் அது வினாக்கொத்தாக என் மேசைக்கு வரும்போது "பசுமைப் பொருட்களை வாங்க எனக்குப் போதிய நேரமும் பணமும் உண்டு" என்று சுருங்கிப் போயிருக்கும். காசுப்பை யாரிடம் இருக்கிறது, எதை வாங்குவது என்று யார் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வியும் வராது.

எனக்கே ஒரு முறை பெண் முயற்சியாளர்கள் பற்றிய வினாக்கொத்தை நீட்டினார்கள். நானே அடித்துக் கொடுத்தது, எனக்கே திரும்பி வந்தது. "துணிந்து முடிவெடுக்கும் ஆற்றல் என்னிடம் உண்டு." ஐந்து போட்டேன். கடை என் பெயரில், வங்கிக் கணக்கு என் பெயரில், மெசின் வாங்கிய கடன் என் பெயரில். ஆனால் கொழும்பிலிருந்து பேப்பர் கொண்டுவருகிற ஏஜென்ட் இன்றைக்கும் வாசலில் நின்று "ஐயா இல்லையா?" என்றுதான் கேட்பார். அதற்கு எத்தனை புள்ளி என்று கேட்க அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை.

பனம்பழத்தால் தோய்த்த காலம்

வன்னியில் நாற்பது வயது தாண்டிய எந்தப் பெண்ணிடமும் "பசுமையாக வாழ்ந்திருக்கிறீர்களா" என்று கேட்டால் சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள். போர்க்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் சவர்க்காரம் இல்லை. பனம்பழத்தைப் பிழிந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெய் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி வைத்த விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம். கடையில் சீனி வாங்கினால் பழைய கொப்பித் தாளில் ஒட்டிய பையில் வரும், அந்தப் பையை ஒட்டியதும் ஏதோ ஒரு வீட்டுப் பெண்தான். பனையோலைக் கடகமும் உமலும் பட்டையும் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இதையெல்லாம் இன்றைக்கு ஒரு ஆய்வாளர் அளந்தால் ஐந்துக்கு ஐந்தரை போட வேண்டி வரும்.

ஆனால் அதை நாங்கள் விரும்பியா செய்தோம்? 2002இல் வன்னியூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து சாமான் வரத் தொடங்கியபோது, புதுப் பொலித்தீன் சொப்பிங் பையை மடித்து அலுமாரிக்குள் வைத்த வீடுகளை நான் அறிவேன். கிழியும் வரை பாவித்தார்கள். அந்தப் பை அவர்களுக்குக் குப்பையாகத் தெரியவில்லை. பாதை திறந்ததற்கு அத்தாட்சியாகத் தெரிந்தது. நான்கு வருடத்தில் பாதை மறுபடி மூடியது, அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவும் பட்டுவந்த ஒருத்தியிடம் போய், கடகத்தைத் திரும்ப எடு, அதுதான் நாகரிகம் என்று சொன்னால் அவளுக்கு ஏறுமா? அதுவும் 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்து, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையை எடுத்து, விளைச்சலும் படுத்த பிறகு, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவனிடம் "பசுமை" என்று வாய் திறந்தால் எழும்பிப் போய்விடுவான்.

மேலேயிருந்து வந்த தடைகளும் இப்படித்தான். மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து சனம் செத்த பிறகு, அதே வருடம் செப்டெம்பரில் சோற்றுக்குக் கீழே விரிக்கிற மெல்லிய பொலித்தீன் லஞ்ச் சீற்றையும் றெஜிபோம் பெட்டியையும் தடை செய்தார்கள். 2021இல் சின்ன சஷேப் பக்கற்றுகளுக்குத் தடை வந்தது. 2025 நவம்பரிலிருந்து சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று வந்தது. பைக்குக் காசு என்றவுடன் சுப்பர்மார்க்கெட்டில் பெண்கள் வீட்டிலிருந்து பை கொண்டுவரப் பழகிவிட்டார்கள். ஆண்கள் பாதிப் பேர் பைக்குக் காசு கட்டி மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போகிறார்கள். இதற்கும் ஆய்வு இருக்கிறது. 2016இல் வந்த ஒன்று, சூழலைப் பேணுகிற பழக்கங்களைச் சனம் பெண்தன்மையோடு சேர்த்துப் பார்க்கிறது, அதனால் ஆண்கள் ஒதுங்குகிறார்கள் என்று காட்டியது. அமெரிக்காவிலும் சீனாவிலும் செய்தது. குருமன்காட்டுச் சந்தியில் நின்று பார்த்தாலும் போதும்.

பொதுநோக்கு மண்டபத்தில்

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகளும் அதே பீடத்தில்தான் படித்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் புத்திசாலியாக இருக்க வேண்டும். இரண்டு தலைப்பையும் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்திருந்தார்: கிராமத்துப் பெண்கள் அமைப்புகளில் தலைமைத்துவம், உறுப்பினர்களின் பசுமை நுகர்வுக்கு எந்தளவு காரணமாகிறது என்று. வினாக்கொத்தை அடித்துக் கொடுத்ததோடு நிற்காமல், துணைக்கு வா சித்தி என்று கூட்டிக்கொண்டும் போனாள். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற பாதையில் உள்ளே இறங்கிப் போகிற ஒரு கிராமம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டம் நடக்கிற நாள். பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து இருந்தார்கள். பெறாமகள் கூற்றுகளை வாசிக்க வாசிக்க, "ஐஞ்சு போடு, ஐஞ்சு போடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லி நிரப்பினார்கள். ஒருத்தி மட்டும், பக்கத்தில் இருந்தவள் போட்டது தெரியவில்லை என்று என்னிடம் கேட்டாள், நான் முகட்டைப் பார்த்தேன்.

கடைசியாக நிரப்பியது தலைவி. ஐம்பது தாண்டிய மனுசி. மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகத் தானே வாசித்தார். அந்தக் "கூடுதல் விலை" இடத்தில் பேனையை நிறுத்தினார்.

"பிள்ளை, இதுக்கு நான் ரெண்டுதான் போடுவன். ஏன் கூடக் குடுக்கோணும்? நாங்கள் குறையக் குடுத்தல்லோ வாங்கினது."

"என்னத்தை அன்ரி?"

"தாமரை இலை."

பிறகு கதை வந்தது. ஊரில் அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலுக்கு அன்னதானம். முன்பு வன்னியில் குளத்துத் தாமரை இலையில்தான் சோறு போடுவார்கள், பிறகு எங்கும் போல் இங்கேயும் பிளாஸ்ரிக் கோப்பையும் அதன் மேல் லஞ்ச் சீற்றும் வந்தது. தடை இருந்தாலும் டவுனில் கட்டுக்கட்டாகக் கிடைத்தது. அதை வாங்குவது பரிபாலன சபை. சபையில் எல்லோரும் ஆண்கள். அடுத்த நாள் காலையில் கோவில் வளவைக் கூட்டி, சாம்பாரும் மண்ணும் ஒட்டின சீற்றைப் பொறுக்கி, கிடங்கில் போட்டு எரிப்பது மாதர் சங்கம். அதற்குப் பெயர் தொண்டு. எரிகிற மணத்தில் தலையிடி, காற்றுக்குப் பறந்தது வயலுக்குள், சோற்று மணத்துக்கு மாடு தின்கிறது.

தலைவி சபைக் கூட்டத்துக்குப் போய்ச் சூழலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நீங்கள் லஞ்ச் சீற் வாங்கிறதெண்டால் தாராளமா வாங்குங்கோ. ஆனால் அடுத்த நாள் கூட்டிறதும் நீங்களே கூட்டுங்கோ" என்று சொன்னாராம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லையாம். பிறகு பொருளாளர், இலை யார் பிடுங்குவது, பாயசம் ஓடுமே, சனம் என்ன சொல்லும் என்று அடுக்கியிருக்கிறார். இவர் சொன்னது, "சீற்றுக்கு ஒதுக்கின காசை எங்கட கையில தாங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்." காசு கைக்கு வந்தவுடன் முதல் வேலையாக விளையாட்டுக் கழகத்துப் பொடியன்களைப் பிடித்திருக்கிறார். குளத்துக்குள் இறங்கி இலை பிடுங்க வேண்டும், ஈரச் சாக்குக்குள் போட்டு நிழலில் வைக்க வேண்டும், பொங்கல் முடிய இலை தாழ்க்கக் கிடங்கு வெட்ட வேண்டும், பதிலுக்கு ஒரு வொலிபோல் நெற். பொடியன்களுக்குக் குளத்தில் இறங்குவதென்றால் கேட்கவா வேண்டும். பாயசத்தை எவர்சில்வர்க் கப்பில் கொடுத்தார்கள், கப்பைக் கழுவுவது சபை ஆட்கள் முறை. நெற் வாங்கியும் காசு மிஞ்சியது. மிஞ்சிய காசு சங்கத்துச் சுழற்சிக் கடன் கணக்குக்குப் போனது, சபைக்குத் திரும்பவில்லை.

"நல்ல காரியம் செய்திருக்கிறியள் அன்ரி, சூழலுக்கு" என்று பெறாமகள் சொன்னாள்.

"சூழலுக்கெண்டு ஆர் செய்தது? எங்கட இடுப்புக்குச் செய்தது" என்று விட்டு, அடுத்த கூற்றுக்குப் போனார். "கொள்வனவுத் தீர்மானங்களை எடுக்கும் பதவியில் உள்ளேன்." அதற்கு ஒன்று போட்டார். தலைவி என்று பேர்தானே, பதவியென்றால் சம்பளம் வர வேண்டும் என்றார்.

எனக்குள் கிடந்த முள் அந்த மண்டபத்தில்தான் வெளியே வந்தது. இவ்வளவு நாளும் பசுமை ஒரு தலைப்பு, பெண் தலைமைத்துவம் இன்னொரு தலைப்பு என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டும் தொடுகிற இடம், வாங்குகிற கையும் கூட்டி அள்ளுகிற கையும் வேறு வேறாக இருக்கிற இடம். லஞ்ச் சீற்றை வாங்கியவனுக்கு அது மலிவு. அதை எரித்தவளுக்குத்தான் அதன் மிச்ச விலை தெரியும். காசுப்பை அவள் கைக்கு மாறிய அன்றைக்கு வாங்குவதும் மாறியது. அதற்கு ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கும் தேவைப்படவில்லை. "கூடக் காசு கொடுப்பீர்களா" என்று எல்லாத் தாளும் கேட்கிறதே, எங்கள் பக்கத்தில் சூழலுக்கு நல்லது என்பது பெரும்பாலும் மலிவானதுதான், சிலவேளை சும்மாவே கிடைப்பது. அதற்குக் கொடுக்கிற விலை வேலை. இலை பிடுங்க வேண்டும், கப் கழுவ வேண்டும், கடகம் பின்ன வேண்டும். அந்த வேலையை வழக்கமாக யார் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சீற்றை நிறுத்தியதை விட, கிடங்கு வெட்டுகிற வேலையைப் பொடியன்களிடமும் கழுவுகிற வேலையைச் சபையிடமும் தள்ளியதைத்தான் நான் தலைமைத்துவம் என்பேன். வேலையைப் பங்கு பிரிக்காமல் பசுமை பேசுகிற இடங்களில் பெண்ணுக்கு ஒரு சுமைதான் கூடுகிறது.

ஒதுக்கப்பட்ட தாள்

பெறாமகள் தரவெல்லாம் எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றிக்கொண்டு வந்து என் கடையில்தான் பிரின்ட் எடுத்தாள். நம்பகத்தன்மைக்குக் குரொன்பாக் அல்பா என்று ஒரு எண் பார்ப்பார்கள், 0.7க்கு மேல் இருந்தால் நல்லது. இவளுக்கு அதைவிட நன்றாகவே மேலே போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்? ஒருத்தி மேலிருந்து கீழ்வரை ஐந்து, இன்னொருத்தி மேலிருந்து கீழ்வரை நாலு என்று ஆளுக்கு ஒரே எண்ணை வரிசையாகப் போட்டால், அந்தக் கணக்குக்கு அது ஒருமித்த பதிலாகத்தான் தெரியும். ஒன்றும் இரண்டும் ஐந்தும் கலந்து, யோசித்துப் போட்ட ஒரே தாள் தலைவியுடையது. ஒரு தாள் மற்றத் தாள்களிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்கிடுகிற மஹலநோபிஸ் தூரம் பார்த்ததில் அது விலகிப் போய் நின்றது.

"சித்தி, அவவின்ர ஃபோமை எடுத்துவிட்டால் மொடல் நல்லா வருது" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அவளும் விடவில்லை. ஒரு ஆளின் கதை தரவாகாது, எல்லா ஊரிலும் இப்படி ஒரு தலைவி இருப்பாவா, இருந்தாலும் எல்லாரும் இலைக்குத்தான் மாறுவினமா என்று கேட்டாள். கேள்வி நியாயம். பெண்கள் தலைவரானால் எல்லாம் பச்சையாகிவிடும் என்று நானும் நம்பவில்லை. சஷேப் பக்கற்றில் ஷாம்பூ வாங்குவது நாங்கள்தான், நாட்கூலிக்குப் போகிறவளால் பெரிய போத்தலுக்கு ஒரேயடியாகக் காசு போட முடியாது. ஆனால் அவளுடைய இரண்டாம் அத்தியாயத்திலேயே பதில் ஒன்று இருந்தது. இந்தியாவில் 1993க்குப் பிறகு கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். எந்த ஊருக்கு எந்த முறை என்பது சீட்டு விழுந்த மாதிரி. அதை வைத்து ஆய்வாளர்கள் ராகபேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 கிராமப் பஞ்சாயத்துகளைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். பெண் தலைவர் வந்த இடங்களில் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. தண்ணீர் தூக்குவது பெண்கள், தண்ணீரைப் பற்றி முறையிடுவதும் பெண்கள். மனசில் நல்லெண்ணம் கூடக் குறைய என்று ஒரு கேள்வியும் அங்கே கேட்கவில்லை. காசு எங்கே போனது என்று பார்த்தார்கள். கோவில் வளவைக் கூட்டுகிறவளுக்குக் லஞ்ச் சீற்றுக் காசைக் கொடுத்ததும் அதே சங்கதிதான் என்று சொன்னேன்.

"அது உள்ளூராட்சி, இது நுகர்வோர் நடத்தை" என்றாள். மறுபடியும் வேறு மாறி.

எங்கள் நாட்டிலும் உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து 2018இல் முதல் தேர்தலும் 2025 மே மாதம் இரண்டாவதும் நடந்துவிட்டது. பிரதேச சபைக்குப் போன பெண்கள் சிலர் கடிதம் அடிக்க என் கடைக்கு வருவார்கள். சிலர் நன்றாகக் கதைப்பார்கள். சிலரோடு கணவர் வந்து, கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லுவார். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொசபெத் மொஸ் கான்ரர் 1977இல் எழுதியதைப் பெண் தலைமைத்துவ ஆய்வென்றால் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு குழுவில் ஒன்றிரண்டு பெண் மட்டும் இருந்தால் அவர்கள் காட்சிப் பொருளாகத்தான் இருப்பார்கள், எண்ணிக்கை கூடினால்தான் பேச்சு எடுபடும் என்கிற வாதம். உண்மைதான். ஆனால் அந்தத் தலைவி சபையில் உறுப்பினரே இல்லை. ஒரு கதிரை கூட இல்லாமல் வெளியே நின்று, தும்புத்தடியைக் கீழே வைக்கப் போகிறேன் என்று சொல்லி முடிவை மாற்றினார். அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று கான்ரரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் பெறாமகள் தலைவியின் தாளை எடுத்துத்தான் விட்டாள். மேற்பார்வையாளரும் அதுதான் முறை என்றாராம், முறை அதுதான், அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லைப்பாடுகள் என்கிற பகுதியில் இரண்டு வரி சேர்த்திருந்தாள்: கூட்டாக வாங்குகிற இடங்களில் தீர்மானம் யார் கையில் என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை, இனி வருபவர்கள் அதைப் பார்க்கலாம் என்று. பைண்டிங் போடும்போது பார்த்தேன். எனக்குச் சொல்லாமலே சேர்த்திருந்தாள். இனி வருகிற பிள்ளை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தால் வினாக்கொத்தை நான் காசில்லாமல் அடித்துக் கொடுப்பேன். கடை மூடுகிற நேரத்துக்கு வராமல் இருந்தால் சரி.

தலைவியின் கதை அதோடு முடியவில்லை. தண்ணீர்ப் போத்தல் விசயத்தில் அவர் தோற்றுப்போனார். அன்னதானத்துக்கு அரை லீற்றர் போத்தல் தண்ணீரை வெளிநாட்டிலிருக்கிற ஊர்க்காரர் ஒருவர் உபயமாகக் கொடுக்கிறார், ஒவ்வொரு போத்தலிலும் குடும்பப் பெயர் போட்ட ஸ்ரிக்கர். உபயத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சபைக்கும் வாய் வராது. சிறுநீரக வருத்தப் பயத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சனமும் தயங்குகிறது, அதையும் தள்ளிவிட முடியாது. அடுத்த நாள் வெற்றுப் போத்தல் பொறுக்கியது மறுபடியும் மாதர் சங்கம். சுழற்சிக் கடன் படிவம் கொப்பி எடுக்க அவர் கடைக்கு வந்தபோது, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். உபயகாரரின் தாய் ஊரில்தான் இருக்கிறாராம், சங்கத்திலும் உறுப்பினராம்.

"மனுசியிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன் தங்கச்சி. வடிச்சுச் சுத்தமாக்கின ஆர்ஓ தண்ணியைத் தாங்கியில கொண்டுவந்து வைப்பம், தாங்கியில பெயின்ற்றால மகன்ர பேரை எழுதிவிடுவம். ஸ்ரிக்கரை விடப் பெரிசாத் தெரியும், வீடியோவிலயும் விழும். மனுசிக்கு அது பிடிச்சுப் போச்சு. இனி மகனோட அவ கதைப்பா."